ஊர்ப் பிள்ளைகள் வாசிக்க ஊரைத் திரட்டுவது எப்படி: ஒரு வருட அலைச்சலில் தெரிந்துகொண்டது

என் மகன் மூன்றாம் வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதுவான். முத்து முத்தான கையெழுத்து. ஒருநாள் கடையில் கடலை மடித்துக் கொடுத்த பேப்பரைக் காட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, படி" என்றேன். 'தண்ணீர்' என்பதை "த... ண்... ணீ... ர்" என்று நான்கு துண்டாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான்கு எழுத்தும் சரி. சேர்த்தால் தண்ணீர் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுவரை நோட்டில் எழுதியதெல்லாம் பார்த்து வரைந்ததுதான்.

அடுத்த ஒரு வருடம் எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் வாசிப்பைச் சரிசெய்ய அலைந்தேன். நான் தையல் வேலை செய்பவள். மனு எழுதத் தெரியாது, மைக்கில் பேசிப் பழக்கமில்லை. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியாமலே ஐந்து மாதம் போயிற்று. உங்களுக்கு அது போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். நகரத்தில் இருந்தால் கிராம சபை என்று வரும் இடத்தில் பகுதி சபை என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடும் நாளையும் ஆள் கணக்கையும் மட்டும் அங்கே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள்

பாடப் புத்தகத்தைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். அது மனப்பாடமாக இருக்கும். பக்கத்து வீட்டு நான்காம் வகுப்புப் பெண் பாடத்தைக் கடகடவென்று சொன்னாள். விரல் மூன்றாவது வரியில் இருந்தது, வாய் ஐந்தாவது வரியில் இருந்தது. படத்தைக் கையால் மறைத்து, நடுவில் ஒரு வரியைத் தொட்டு "இதை மட்டும் சொல்லு பாப்பா" என்றதும் அமைதியாகிவிட்டாள்.

பிள்ளை இதுவரை பார்த்திராத, நாலு வரி உள்ள எளிய கதையைக் கொடுங்கள். அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் இதற்கு நல்ல தோது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். 'நுழை'யில் ஒன்றும் 'நட'யில் ஒன்றும் கிடைத்தால் போதும்.

எங்கே தடுக்கி விழுகிறது என்று பாருங்கள். இது முக்கியம், ஏனென்றால் பிறகு கூட்டத்தில் "ஏன் படிக்க வரல?" என்று கேட்பார்கள். அப்போது ஒரு வரியிலாவது பதில் சொல்லத் தெரிய வேண்டும். நான் கவனித்தவை: சில பிள்ளைகளுக்குத் தனி எழுத்து தெரியும், சேர்க்கத் தெரியாது. சிலருக்குக் கொம்பும் காலும் சிக்கல். 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஆனால் வாய் 'க்' என்றுதான் தொடங்க வேண்டும். கண் ஒரு வரிசையில் போகிறது, ஒலி வேறு வரிசையில் போகிறது. கடல், தங்கம், மேகம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே க, ஒலி மூன்று. இன்னும் சிலருக்கு எழுத்தெல்லாம் சரியாக வரும், ஆனால் வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. அந்த நீளச் சொல்லைப் படித்து முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோகும்.

கண் பார்வையையும் சேர்த்துச் சோதியுங்கள். எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குக் கரும்பலகையே தெரியவில்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் பரிசோதித்து எழுதிக்கொடுப்பார்கள், அரசே கண்ணாடியும் தரும். எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எழுத்து பிடிபடவே இல்லை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அவரிடம் காட்டுங்கள். அடித்துப் படிக்கவைக்கும் விஷயம் அல்ல அது.

2. தெருவில் ஒரு கணக்கு எடுங்கள்

முதல் கூட்டத்துக்கு நான் தேசியக் கணக்கை எழுதிக்கொண்டு போனேன். பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் அசர் அறிக்கை என்று ஒன்று, பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005 முதல் கிராமப்புறங்களில் எடுக்கிறது. 2024இல் இந்திய கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 விழுக்காட்டினர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். 2022இல் அது 16.3 விழுக்காடாக இருந்தது. இதை நான் வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "அது எந்த ஊரு கணக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. அன்றைக்குத்தான் உறைத்தது. ஊரை அசைக்க ஊர்க் கணக்குதான் வேண்டும்.

அசர் முறையையே வீட்டில் செய்யலாம். ஒரே தாளில் நான்கு கட்டம்: எழுத்துகள், சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் நாலு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் எட்டுப் பத்து வரிக் கதை. முதலில் பத்தியைக் கொடுங்கள். மூன்று தவறுக்குள் வாக்கியமாக வாசித்தால் கதைக்குப் போங்கள். பத்தியில் திணறினால் சொற்களுக்கு இறங்குங்கள். ஐந்தில் நான்கு சொல் சரியென்றால் 'சொல் நிலை'. அதுவும் வரவில்லை என்றால் எழுத்துக்கு இறங்குங்கள், அங்கும் ஐந்தில் நான்குதான் கணக்கு. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கடிகாரம் வைத்து அளக்காதீர்கள். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது நமக்கு ஒரே சொல். வேகத்தை அளக்கப் போய் நல்ல வாசகனையே தோற்கடித்துவிடுவீர்கள்.

கையில் வேண்டியவை: சோதனைத் தாள் இரண்டு பிரதி, ஒரு நோட்டு, பேனா. நோட்டில் வகுப்பும் நிலையும் மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

தாயோ தந்தையோ சரி என்று சொல்லாமல் எந்தப் பிள்ளையையும் சோதிக்காதீர்கள். பள்ளிக்குள் போய்ச் செய்யாதீர்கள், வீட்டுத் திண்ணையிலேயே செய்யுங்கள்.

வீடியோ எடுக்காதீர்கள். என்னுடன் வந்த ஒரு தம்பி, பையன் ஒருவன் திணறுவதைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அந்தப் பையனின் அப்பா இரவு பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அழித்துவிட்டு, மறுநாள் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டை மறுபடி கூட்டத்துக்கு வரவைக்க நான்கு மாதம் ஆனது.

மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். "அவ அக்கா எப்படிப் படிப்பா தெரியுமா" என்ற ஒரு வாக்கியம் போதும், பிள்ளை வாயை மூடிவிடும்.

நான் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 31 பிள்ளைகளைக் கேட்டேன். எழுத்தோடு நின்றவர்கள் 6, சொல் 9, பத்தி 8, கதை 8. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஜாக்கெட் அளவு கொடுக்க வரும் தாய்மார்களிடமே பாதி வேலை முடிந்தது. உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும்: ரேஷன் கடை வரிசை, பால் ஊற்றும் இடம், மகளிர் குழுக் கூட்டம்.

3. தலைமையாசிரியரைத் தனியாகப் பாருங்கள், கூட்டத்துக்கு முன்னால்

இந்தப் படியைத் தாண்டியதுதான் நான் செய்த பெரிய தப்பு. கணக்கை முதலில் தெருவில் சொன்னேன். அது நான் போவதற்கு முன்பே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, "டீச்சருங்க சொல்லித்தரலையாம்" என்ற வடிவத்தில். அப்புறம் இரண்டு மாதம் எனக்குப் பள்ளி வாசலில் முகம் கிடைக்கவில்லை.

மாலை நாலரைக்குப் போங்கள். தாளை மடித்துக் கையில் வைத்திருங்கள், மேசைமேல் விரித்துவைக்காதீர்கள். "சார், எங்க தெருவுல இத்தனை பிள்ளைங்க எழுத்தோட நிக்குறாங்க. வீட்டுல நாங்க என்ன செய்யணும்?" என்று தொடங்குங்கள். குற்றம் சொல்ல வரவில்லை என்று அவருக்குத் தெரிந்தால் அவரே பேசுவார். எங்கள் தலைமையாசிரியர் பேசியது ஒரு மணி நேரம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் பாதி நாள் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்தது. "என் பையன் அரும்பா, மொட்டா?" என்று கேளுங்கள். இது குறை சொல்லும் கேள்வி ஆகாது. அவர்களே தினமும் புழங்கும் சொல் என்பதால் பேச்சு நேராக விஷயத்துக்குப் போய்விடும்.

4. பிள்ளையின் குரல் கேட்கும் கூட்டம்

அறிவிப்பு, மைக், மாலை எதுவும் வேண்டாம். பதினைந்து தாய்மார்கள் வந்தால் பெரிய கூட்டம். எங்கே, எப்போது என்பதில்தான் ஜெயிப்பதும் தோற்பதும்.

இடம்: கோயில் மண்டபத்தில் வைக்காதீர்கள். ஊர்த் தெருவில் வைத்தால் காலனி வராது, காலனியில் வைத்தால் ஊர்த் தெரு வராது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்லிப் பயனில்லை. எல்லார் பிள்ளையும் படிப்பது ஒரே பள்ளியில்தான், அதனால் பள்ளி மரத்தடி. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு வாங்குங்கள். மூன்றாவது படி முதலில் வருவதற்கு இன்னொரு காரணம் இது.

நேரம்: நாற்று நடவும் களையெடுப்பும் உள்ள வாரங்களில் வைக்காதீர்கள். நூறு நாள் வேலை முடிந்து வந்து குளித்து, சீரியல் தொடங்குவதற்கு முன்னால், மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கூடாது. முதல் கூட்டம் நீண்டால் இரண்டாவதுக்கு ஆள் வராது.

என்ன செய்வது: பேசாதீர்கள். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கதைத் தாளை வாசிக்கச் சொல்லிக் காது கொடுக்கட்டும். மற்றவர்கள் கேட்கக் கூடாது, தள்ளித் தள்ளி உட்காரவையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். கேட்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. பிள்ளை கதை சொல்கிறதா, எழுத்தை எண்ணுகிறதா என்று காதே சொல்லிவிடும். எங்கள் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் கைநாட்டு வைக்கும் ஒரு பாட்டி. "இவன் படிக்கல, முக்குறான்" என்றார். நான் எழுதிவைத்த இரண்டு பக்கப் பேச்சு அதோடு தேவையில்லாமல் போயிற்று.

அந்த உணர்ச்சி ஆறுவதற்குள் ஒரே ஒரு கோரிக்கையில் நில்லுங்கள். கழிவறை, சுற்றுச்சுவர், சத்துணவு முட்டை எல்லாம் வரும். எல்லாம் நியாயமானதுதான். "அதுக்கு இன்னொரு நாள், இன்னிக்கு வாசிப்பு" என்று சொல்ல ஒருவரை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். "இதுக்குத்தான் தனியார் பள்ளிக்கூடத்துல போடணும்" என்ற குரலும் வரும். அவருடன் வாதிடாமல், தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளை யாராவது கூட்டத்தில் இருந்தால் அதே தாளைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை.

5. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம்: பீரோவைத் திறப்பது

கூட்டத்தின் சூடு காகிதத்துக்கு வந்தால்தான் நிற்கும். அந்தக் காகிதம் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேடு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவதும் இந்தக் குழுவின் வேலைதான். நீங்கள் உறுப்பினராக இல்லாவிட்டால் உறுப்பினரான ஒரு தாயைப் பிடியுங்கள். மாதக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை வைப்பார்கள். தேதியை ஒரு வாரம் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் மாறும்.

என்ன தீர்மானம் போடுவது? "வாசிப்புத் திறனை மேம்படுத்த வேண்டும்" என்று போட்டால் அது பதிவேட்டில் தூங்கும். யார், எதை, எந்த நாளில் என்று இருக்க வேண்டும். எங்களுக்கு அது ஒரு பீரோவாக அமைந்தது.

பள்ளியில் பச்சை நிற இரும்பு பீரோ ஒன்று. அதில் நூற்றுக்கும் மேல் கதைப் புத்தகங்கள், பாதியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பூட்டு தொங்கியது. ஏன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று கேட்டால் எல்லாரும் ஆசிரியர்களைத் திட்டுவார்கள், நானும் மனதுக்குள் திட்டினேன். தலைமையாசிரியர் இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண், விலை, வந்த தேதி. "ஆடிட்ல ஒண்ணு குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும், என் சம்பளத்துல பிடிப்பாங்க" என்றார். பிடிப்பார்களா மாட்டார்களா என்பது வேறு. அந்தப் பயம் உண்மை, பீரோவைப் பூட்டியதும் அந்தப் பயம்தான்.

அதனால் தீர்மானத்தை இப்படி எழுதினோம்:

"3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு கதைப் புத்தகம் வீட்டுக்கு எடுத்துச் சென்று திங்கட்கிழமை திருப்பித் தருவார்கள். கொடுக்கல் வாங்கல் நோட்டைப் பெற்றோர் உறுப்பினர் ஒருவர் எழுதுவார். புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ அதற்கு ஆசிரியர் பொறுப்பல்ல. குழு தன் பொறுப்பில் மாற்றுப் புத்தகம் வாங்கி வைக்கும். தினமும் காலை முதல் அரை மணி நேரம் வாசிப்புக்கு ஒதுக்கப்படும்."

நடுவில் இருக்கும் அந்த வரி இல்லாமல் இந்தத் தீர்மானம் வேலை செய்திருக்காது. உங்கள் பள்ளியில் பூட்டு வேறாக இருக்கலாம், பீரோவே இல்லாமலும் இருக்கலாம். யார் எதற்குப் பயப்படுகிறார் என்று கண்டுபிடித்து, அந்தப் பயத்தைத் தீர்மானம் எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

கூட்டம் முடிந்ததும் பதிவேட்டுப் பக்கத்தை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, கையெழுத்துகள், தீர்மான எண் மூன்றும் தெரிய வேண்டும். தீர்மானங்களைப் பெற்றோர் செயலியிலும் ஏற்றுவார்கள். ஏறியதா என்று அடுத்த வாரம் ஒருமுறை கேளுங்கள்.

6. கிராம சபை

பள்ளிக்குள் முடியாத விஷயங்களுக்கு மட்டும் இங்கே வாருங்கள்: ஊர்ப்புற நூலகம் மாலையில் திறந்திருப்பது, சாயங்கால வாசிப்புக்கு ஊராட்சிக் கட்டடமும் விளக்கும், காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடத்தை நிரப்பச் சொல்லி அரசுக்குக் கோரிக்கை. ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று கிராம சபை உத்தரவு போட முடியாது. அப்படி ஒரு தீர்மானம் போட்டால் வீண் சண்டைதான் மிஞ்சும்.

ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் செல்லுபடியாக, மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்குமேல் 300 பேர் வர வேண்டும். உங்கள் தாய்மார்கள் இருபது பேர் வந்தாலே தலைவருக்கு அது பெரிய உதவி. எண்ணிக்கை சேர்ப்பதில்தான் அவர் திணறிக்கொண்டிருப்பார். இதைச் சொல்லியே பேச இடம் கேட்கலாம்.

பத்து நாள் முன்பே ஊராட்சிச் செயலரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்துப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கடிதத்தின் நகலில் 'பெற்றேன்' என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் முறை இதுதான்.

நாங்கள் முதல் தடவை ஏமாந்தது இங்கேதான். கைதட்டல் கிடைத்தது, "தீர்மானம் நிறைவேறியது" என்று மைக்கில் சொன்னார்கள், வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பதிவேட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. அடுத்த கிராம சபைக்குத் தீர்மான வாசகத்தை நாங்களே எழுதிக்கொண்டு போனோம், மூன்று வரி. செயலர் அதைப் பதிவேட்டில் எழுதி முடிக்கும்வரை நான்கு பேர் பக்கத்திலேயே நின்றோம். அவருக்குப் பிடிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தோம்.

"கண்டிக்கிறோம்", "வன்மையாக வலியுறுத்துகிறோம்" எல்லாம் வேண்டாம். அரசியல் கட்சிக்காரர்கள் உதவிக்கு வந்தால் எல்லாக் கட்சியையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள், அல்லது யாரையும் கூப்பிடாதீர்கள். ஒருவர் துண்டு மட்டும் படத்தில் விழுந்தால் மற்றவர் வீட்டுத் தாய்மார்கள் வர மாட்டார்கள்.

7. மனுவும் தகவல் உரிமையும், தேவைப்பட்டால் மட்டும்

உள்ளூரில் முடிந்தால் இந்தப் படியே வேண்டாம்.

மனு முதலில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. ஒரு பக்கம். மேலே கோரிக்கை ஒரே வரி, கீழே காரணம் ஐந்து வரி. இணைப்பு மூன்று: பெயரில்லாத ஊர்க் கணக்கு, குழுத் தீர்மான நகல், கையெழுத்துத் தாள். கையெழுத்துத் தாளின் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் கோரிக்கையை எழுதுங்கள். நாங்கள் முதல் பக்கத்தில் மட்டும் எழுதியிருந்தோம். "மீதிப் பேர் எதுக்குக் கையெழுத்துப் போட்டாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 74 கையெழுத்து, மறுபடி வீடு வீடாக.

முப்பது நாளில் பதில் இல்லை என்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம், அல்லது 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதியலாம். எதுவானாலும் மனு எண் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, கடந்த இரண்டு ஆண்டில் பள்ளிக்கு வந்த கதைப் புத்தகங்கள் எத்தனை என்ற விவரம் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். இருக்கும் ஆவணத்தைத்தான் தருவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். "இந்தப் பதிவேட்டின் இந்தப் பக்கத்தின் நகல்" என்று கேளுங்கள். இன்னொன்று, தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டால் கிடைக்கும் தகவலுக்கு இதைப் போடாதீர்கள். உறவு முறிந்துவிடும்.

8. செலவும் காலமும்

எனக்கு ஒரு வருடத்தில் ஆனது: ஜெராக்ஸ் 340 ரூபாய், கூட்டங்களுக்கு டீயும் சுண்டலும் 860, பஸ்ஸும் பெட்ரோலும் 600, தபாலும் வில்லையும் 110, கதைப் புத்தகம் 1,250. மொத்தம் 3,160. தையல் விட்ட நாட்களை எண்ணவில்லை, எண்ணினால் வீட்டில் சண்டை வரும். பணம் வசூலிக்காதீர்கள். ஐம்பது ரூபாய் வசூலித்தாலும் அடுத்த நாள் கணக்கு கேட்பார்கள், வாசிப்பு மறந்துபோகும். புத்தகமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், அதற்கு அனுமதி உண்டு. அதனால் புத்தகச் செலவை இன்னும் குறைக்கலாம்.

ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். ஜூலையில் கணக்கு, தலைமையாசிரியர் சந்திப்பு, மரத்தடிக் கூட்டம். அதே மாதமோ ஆகஸ்டிலோ குழுத் தீர்மானம். ஆகஸ்ட் 15க்குக் கிராம சபை. முந்தினால் நல்லது, தவறினால் அக்டோபர் 2 இருக்கிறது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில் பள்ளிப் பக்கமே போகாதீர்கள். ஜனவரியில் அதே தாளின் மாதிரியில் வேறு கதை வைத்து மறுபடி கணக்கு எடுங்கள். எங்கள் 31 பேரில் இரண்டு பேர் ஊர் மாறிப் போனார்கள். மீதி 29இல் எழுத்தோடு நிற்பவர்கள் 2, சொல் 5, பத்தி 9, கதை 13. அந்த இரண்டு பேரில் ஒருவனுக்குச் சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒருமுறை வருகிறார்.

கொடுக்கல் வாங்கல் நோட்டு என் கையில்தான் இருக்கிறது. இதுவரை பீரோவிலிருந்து போனதில் தொலைந்தது மூன்று. இரண்டை வாங்கி வைத்தாயிற்று. மூன்றாவதற்கு எதிரே காரணம் என்ற பத்தியில் 'ஆடு தின்றது' என்று எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொடுத்தார்.